நாயின் பிரிவாற்றாமை

நன்றியறிதலுக்கு நாயை உவமையாகக் காட்டுதல் தமிழர்க்குப் பழக்கமானதொன்று. யானை நெடுநாட் பழகிய பாகனையே கொல்லும். நாயோ தலைவன் எறிந்த வேல் தன் உடலிலே தைத்திருக்கவும் அவனைக் கண்டு வாலை ஆட்டும் என்று நாலடியார் நட்பினை ஆராயுமிடத்துக் கூறுகின்றது. மகாபாரதத்தின் இறுதியிலே, தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு வானுலகு புகேன் என்று தருமன் மறுத்து நிற்கின்றான். கிரேக்கப் பெருங்காவியமாகிய ஒடிசியிலே, இருபது ஆண்டு கழித்து இரவலன் கோலத்தில் வீடு திரும்பிய தலைவனை அவனுடைய முதிய நாயே கண்டமாத்திரத்தில் அறிந்து, வாலை அசைத்து உயிர் விடுகின்றது. இப்புலவரெல்லாரும் நாயின் அன்பினைப் பாடினர். அவ்வன்பின் காரணமாக அவ்விலங்கு படுந் துன்பத்தை முறையாக ஆராய்ந்தோர் அண்மைக் காலத்தவரே.

வீட்டார் வெளியே சென்றதும் சில நாய்கள் ஊளையிடத் தொடங்கி அயல் முழுவதும் கேட்கும்படி கதறுகின்றன. சில கதவையும் சாளரத்தையும் பிறாண்டி, நகம் பிய்ந்து குருதி வடிய நிற்கின்றன. வேறு சில, வீட்டினுள்ளே ஒருபோதும் சிறுநீர் கழியாதன, அன்று மட்டும் கழித்துவிடுகின்றன; வாயினின்றும் நீர் ஒழுகி நிலம் நனைந்து கிடக்கும். வைத்த உணவு வைத்தபடியே இருக்கும். உடையவர் திரும்பி வந்ததும், பல்லாண்டு காணாதவரைக் கண்டாற்போல அவை மேலே பாய்ந்து ஆரவாரம் செய்யும். சற்று முன்னர் தொடாத உணவை அப்பொழுதே உண்ணும். இந்நிலையை விலங்கு மருத்துவ நூலார் பிரிவால் வரும் பதகளிப்பு என்பர். திருக்குறளின் 116ஆம் அதிகாரத்துக்குரிய ‘பிரிவாற்றாமை’ என்ற பெயரே, பொருள் வேறாயினும், இதற்கு மிகப் பொருந்துவதாகும்.

இதனைச் சிறு தொல்லையென ஒதுக்கிவிடுதல் தகாது. பாழான கதவைக் கண்ட வீட்டுக்காரர் நாய் தம்மைப் பழிவாங்கிற்று எனக் கருதி அதனை அடிக்கின்றார். தொடர்மாடி வீடுகளிலே அயலவர் முறையிடுகின்றனர். ஈற்றில் அந்நாய் யாருக்கேனும் கொடுக்கப்படுகின்றது. அன்றேல் சந்தையடியிலோ தெருவோரத்திலோ கொண்டுபோய் விடப்படுகின்றது. பிரிவுக்கு அஞ்சிய உயிருக்கு, அவ்வச்சத்தின் விளைவாகவே, மீளாப் பிரிவு தண்டனையாகக் கிடைக்கின்றது. இந்நோய் தணிக்கத்தக்கது என்பதனை உடையவர் அறிந்திருப்பின் இவற்றுட் பல நிகழாதொழியும்.

முதலிலே எது பிரிவாற்றாமை, எது அன்று எனத் தெளிதல் வேண்டும். தனித்திருக்கும் நாய் செருப்பைக் கடித்துக் குதறுமாயின், அது பெரும்பாலும் பொழுது போகாமையின் விளைவு. அத்தகைய நாய் கண்ணிற்பட்ட பொருளையெல்லாம் கடிக்கும், நடுநடுவே உறங்கும், வைத்த உணவையும் உண்ணும். பிரிவாற்றாத நாயின் அழிவுவேலையோ உடையவர் சென்ற வழியைச் சார்ந்தே, கதவுநிலையிலும் சாளரத்திலுமே, பெரிதும் காணப்படும். காலமும் ஓர் அடையாளமாகும். உடையவர் புறப்பட்ட முதல் அரைமணி நேரத்துள்ளேயே இத்துன்பம் பெரும்பாலும் தொடங்கி உச்சமடையும். சில நாய்கள் அவர் சப்பாத்து அணியும்போதே நடுங்கத் தொடங்கும். இடிமுழக்கத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் அஞ்சும் நாய், அவ்வோசை எழுந்த நாளில் மட்டும் இவ்வாறு நடந்துகொள்ளலாம். சிறுநீர்ப்பை நோயுற்ற நாயும், மூப்பினால் அறிவு தளர்ந்த நாயும் வீட்டினுள்ளே சிறுநீர் கழித்தல் இயல்பு. ஆகவே விலங்கு மருத்துவரிடம் காட்டி உடல்நோய் இல்லையென அறிந்துகொள்வதே முதற்செயலாகும். அடுத்து, கைத்தொலைபேசியையேனும் ஓரிடத்தில் வைத்து, ஆளில்லாப் பொழுதில் நாய் என்ன செய்கின்றதெனப் படம்பிடித்துப் பார்த்தல் வேண்டும். வீடு திரும்பியபின் காணும் சிதைவைக் கொண்டு ஊகிப்பதினும் பத்து நிமிடப் படம் அதிகம் சொல்லும். எதையும் உடைக்காது, ஒலியும் எழுப்பாது, கதவடியில் நின்று முழுநேரமும் இளைத்து நடுங்கும் நாய்களும் உள. அவற்றின் துன்பம் இவ்வாறு பார்த்தாலன்றி ஒருவருக்கும் தெரியவராது.

காத்திருத்தல் வேறு, பிரிவாற்றாமை வேறு என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. யப்பானிய நாயாகிய ஹாச்சிகோவை அறியாதார் சிலரே. 1923இற் பிறந்த அந்நாயின் தலைவர், டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைத்துறைப் பேராசிரியராயிருந்த உவேனோ என்பவர். 1925ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பல்கலைக்கழகத்திலேயே காலமானார். அதன்பின் 1935ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தான் இறக்கும் வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டு, ஹாச்சிகோ ஷிபுயாப் புகையிரத நிலையத்துக்கு வந்து அவரை எதிர்பார்த்து நின்றது. அது உயிரோடிருந்த காலத்திலேயே, 1934இல், அங்கு அதற்குச் சிலை எடுத்தனர். அந்நாய் தெருவிலே திரிந்தது, உண்டது, உறங்கியது, உரிய நேரத்தில் நிலையத்துக்கு வந்தது. அது பழக்கத்தின் உறுதி. பிரிவாற்றாத நாய்க்கு இந்த அமைதி இல்லை. பெருந்திகில் கொண்ட மனிதனது உடலில் நிகழ்வன போன்ற மாறுதல்கள் அதன் உடலில் நிகழ்கின்றன, இதயம் விரைந்து துடிக்கின்றது, உணவு செல்வதில்லை, வாயில் நீர் ஊறுகின்றது.

இத்தகைய பற்று நாய்க்கு எங்ஙனம் உண்டாயிற்று? ஓநாயின் வழிவந்த இவ்விலங்கு மனிதனோடு வாழத்தொடங்கிப் பதினாலாயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று. 1914இல் ஜேர்மனியின் பொன் நகரையடுத்த ஒபர்காசெல் என்னுமிடத்திலே, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாயொன்றும் ஒன்றாகப் புதைக்கப்பட்ட குழி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் இற்றைக்கு ஏறத்தாழ 14,000 ஆண்டுக்கு முன்னராகும். 2018இல் அவ்வென்புகளை மீளாய்ந்தோர், அக்குட்டி கடும் நோயுற்றுப் பல கிழமை மனிதராற் பேணப்பட்டிருத்தல் வேண்டுமென அதன் பற்களைக் கொண்டு முடிவு செய்தனர். வேட்டைக்குதவாத நோயாளிக் குட்டியை அக்காலத்து மக்கள் பேணினராயின், அவ்வுறவு வெறும் பயன் கருதியதன்று.

ஐக்கிய அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டு நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படையானது. குட்டி பிறந்த மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டாங் கிழமை வரையுள்ள காலமே அது பிறரோடு உறவு பூணும் பருவம் என்பதும், பழகியவரையும் பழகிய இடத்தையும் பிரித்தவுடன் குட்டி ஓயாது கதறும் என்பதும் அவர்களுடைய ஆய்வால் விளங்கின. கதறல் குட்டிக்குக் காவல். தாய் அக்குரலைக் கேட்டு மீள்வாள். வளர்ந்த நாயின் ஊளை அக்குரலின் தொடர்ச்சியே எனலாம்.

இங்கிலாந்தில் உளமருத்துவர் போல்பி, குழந்தைக்கும் தாய்க்கும் இடையுள்ள பிணைப்பைப் பற்றிக் கூறிய கொள்கை இவ்விடத்திற் பயன்படுகின்றது. அவரோடு ஆய்ந்த மேரி எயின்ஸ்வர்த் அம்மையார் அப்பிணைப்பை அளக்க ஒரு சோதனையை அமைத்தார். புதியதோர் அறையிலே குழந்தை தாயோடு இருக்கும், அயலார் ஒருவர் வருவார், தாய் வெளியேறுவாள், சிறிது நேரத்தின்பின் மீள்வாள். ஒவ்வொரு நிலையிலும் குழந்தை எவ்வாறு நடந்துகொள்கின்றதெனக் குறிப்பர். 1998இல் அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர்களாகிய தோபால், மிக்லோசி முதலியோர் இதே சோதனையை 51 நாய்களைக்கொண்டு, தாயின் இடத்தில் உடையவரை வைத்து நடத்தினர். உடையவர் அருகிருக்க நாய் துணிந்து விளையாடியது. அவர் சென்றபின் கதவடியில் நின்றது. மீண்டபோது விரைந்து சென்று ஒட்டியது. குழந்தை தாயிடத்துக் காட்டும் முறையை இது பெரிதும் ஒத்திருந்தது. ‘பிள்ளைபோல் வளர்த்த நாய்’ என்று முதியோர் சொல்வது வெறும் உபசார வழக்கன்று.

அங்ஙனமாயின் எல்லா நாயும் பிரிவால் வருந்த வேண்டுமே எனின், வருந்துவதில்லை. பற்று வேறு, பற்றினால் வரும் அச்சம் வேறு. செல்லங் கொடுத்தமையாலேயே நாய் இவ்வாறு கெட்டது என்று கூறுவார் பலர். 2001இல் அமெரிக்காவில் பிளனிகன், டொட்மன் என்போர் இந்நோயுள்ள 200 நாய்களையும் அஃதில்லாத வேறு 200 நாய்களையும் ஒப்பிட்டு நோக்கியபோது, செல்லங் கொடுத்தலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. வீட்டிலே இன்னுமொரு விலங்கு இருந்தமையும் வேறுபாடு எதனையும் விளைக்கவில்லை. ஆகவே துணைக்கு மற்றொரு நாய் வாங்குதல் பல இடங்களில் வீண்செலவாகவே முடியும். அந்நாய் தேடுவது நாயையன்று, மனிதரை. வளர்ந்தவர் ஒருவரே உள்ள வீட்டு நாய்களுக்கு இந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதியாகக் காணப்பட்டதென்பது அவ்வாய்வின் மற்றொரு முடிபு. ஒருவரையே நம்பி வாழும் உயிருக்கு அவ்வொருவர் போனபின் யாருமில்லை.

வீட்டின் நடைமுறை திடீரென மாறுதலும் ஒரு காரணமாகும். 2020ஆம் ஆண்டு கொரோனாக் கொள்ளைநோயின் பொருட்டு உலகெங்கும் மக்கள் வீட்டினுள்ளே அடைபட்டனர். அக்காலத்து வளர்ந்த குட்டிகள் பல, ஆளில்லாத வீட்டை ஒருநாளும் கண்டதில்லை. கந்தோர்களும் பாடசாலைகளும் மீளத் திறந்த அன்று அவற்றுக்கு ஏற்பட்ட தனிமை, படிப்படியாக வந்ததன்று. ஒரே காலையில் வந்தது.

இனி, நாய் பிரிவை முன்னறியும் விதம். உருசிய உடற்றொழிலியலறிஞர் பவ்லோவ், உணவுக்கு முன்னே ஓர் ஓசை பலமுறை எழுப்பப்படின், பின்னர் அவ்வோசை கேட்ட அளவிலேயே நாயின் வாயில் நீரூறும் எனக் காட்டினார். உணவுக்கு ஓசை எப்படியோ, பிரிவுக்குத் திறப்புக்கோவையின் ஒலி அப்படி. குளித்தல், உடைமாற்றல், சப்பாத்தணிதல், பையை எடுத்தல், திறப்பை எடுத்தல் என்னும் வரிசையை நாய் நன்கு கற்றுக்கொள்கின்றது. வரிசை முடிவதற்குள் அச்சம் முற்றிவிடுகின்றது. உடையவர் படலையைத் தாண்டும்போது நாய் ஏற்கெனவே அரைமணி நேரம் துன்புற்றிருக்கும்.

தண்டித்தல் இந்நோய்க்கு மருந்தாகாமை இதனால் தெளிவு. காலை எட்டு மணிக்குப் பிறாண்டிய கதவுக்காக மாலை ஐந்து மணிக்கு அடிபடும் நாய், அடியைக் கதவோடு தொடர்புபடுத்துவதில்லை. திரும்பி வந்தவரோடு தொடர்புபடுத்துகின்றது. ‘செய்த குற்றம் அதற்குத் தெரியும், முகத்தைப் பாருங்கள்’ என்பர் சிலர். 2009இல் அலெக்சாந்திரா ஹொறோவிற்ஸ் என்னும் அம்மையார் நடத்திய சோதனையொன்று இக்கருத்தை அசைத்துவிட்டது. தின்னக்கூடாதென விலக்கிய உணவை நாய் தின்றதா இல்லையா என்பதை மறைத்து, சில வேளை பொய்யாகவும் கூறி, உடையவரைக் கடிந்துகொள்ளச் செய்தனர். குற்றமுள்ளது போன்ற அப்பார்வை, தின்ற நாயிடமும் தின்னாத நாயிடமும் ஒருபடித்தாகக் கடிதலுக்கு விடையாகவே தோன்றியது. அது குற்றவுணர்ச்சியன்று, அடிக்கு அஞ்சும் பணிவு. வீடு திரும்பும் தலைவரும் அச்சத்துக்குக் காரணமாயினால் நாயின் நாள் முழுவதும் அச்சமேயாகும்.

மாற்றும் முறைக்கு வித்திட்டோர் மனித அச்சத்தை ஆராய்ந்தவர்கள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் விருப்பமான உணவை உண்ணும் வேளையில் முயற்கூட்டைத் தொலைவில் வைத்து, நாட்செல்லச் செல்லச் சிறிது சிறிதாக அண்மையிற் கொணர்ந்து, ஈற்றில் அவன் அதனைத் தடவுமாறு செய்தார். தென்னாபிரிக்க உளமருத்துவர் வொல்பி 1958இல் வெளியிட்ட நூலிலே இதனை ஒரு முறையாகவே வகுத்தார். அச்சந் தருவதனை, அச்சம் எழாத அளவில் மட்டும், மீள மீளக் காட்டுதலே அதன் சாரம்.

நாய்க்கு இதனைக் கையாளுமாறு பின்வருமாறு. அச்சக்குறிகளை முதலில் வெறுமையாக்குவர். உடையவர் திறப்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்த் தேநீர் அருந்துகின்றார். சப்பாத்தை அணிந்து விறாந்தையிலிருந்து பத்திரிகை படிக்கின்றார். நாளடைவிலே திறப்பின் ஒலி பிரிவை மட்டுமே குறிப்பதாய் இராது. இதனோடு, தனக்கென விரித்த பாயிலோ சாக்கிலோ நாய் அமைதியாகக் கிடக்கும் போதெல்லாம் ஒரு சிறு உணவுத்துண்டு கொடுத்து, உடையவர் அடுத்த அறைக்குச் செல்லவும் அங்கேயே கிடக்கப் பழக்குவர். அதன்பின்னரே கதவுப் பயிற்சி. கதவண்டை சென்று மீளல், கைபிடியைத் தொட்டு மீளல், திறந்து மூடல், வெளியே ஓரடி வைத்து உடனே திரும்பல். பின்பு வெளியே நிற்குங் காலத்தை ஐந்து விநாடி, பத்து விநாடி, அரை நிமிடம் என வளர்ப்பர். ஒவ்வொரு முறையும் முன்னையதினும் நீட்டுதல் கூடாது. நாய் அதனையும் கணக்கிட்டுக்கொள்ளும். நீண்டதன்பின் குறுகியது, குறுகியதன்பின் நடுத்தரமானது என மாற்றுதல் நன்று. நடுக்கமோ இளைப்போ தோன்றின், வேகம் மிகுந்துவிட்டது என்பது பொருள். முந்திய படிக்கு இறங்குதல் வேண்டும்.

இதில் மிகக் கடினமான பகுதி முதல் அரைமணி நேரத்தை எட்டுதலே. ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குச் செல்லப் பல கிழமை ஆகலாம். முப்பது நாற்பது நிமிடம் அமைதியாயிருக்கக் கற்ற நாய்க்கு மணிக்கணக்கில் இருத்தல் பெரும்பாலும் விரைவிற் கைவரும். உடையவர் பொறுமையிழப்பது இதற்கு முன்னரே. இன்னுமொரு நிபந்தனையும் உண்டு. பயிற்சிக்காலத்திலே நாய் தாங்கவல்ல எல்லைக்கு மேலாக அதனைத் தனியே விடுதல் ஆகாது. காலையில் இரண்டு நிமிடப் பயிற்சி கொடுத்துவிட்டு எட்டுமணி நேரம் பூட்டிச் செல்லின் கற்றதெல்லாம் அழியும். இங்கேதான் அயல்வீட்டுப் பாட்டியும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும், உறவினரும் வேண்டப்படுகின்றனர். கூட்டுக்குடும்பம் இருந்த வீடுகளில் இந்நோய் பெரிதாகத் தெரியாமைக்கு, யாரேனும் ஒருவர் எந்நேரமும் திண்ணையில் இருந்தமையும் காரணமாயிருக்கக்கூடும்.

உட்குழிவுள்ள இறப்பர்ப் பொருளில் உணவை அடைத்துப் புறப்படும்போது கொடுத்தல் பலர் கூறும் உபாயம். இலேசான நோய்க்கு இது உதவும். கடுமையான நோயில் நாய் உணவைத் தொடாது. ஆகவே அவ்வுணவு அங்கே மருந்தாகாது, நோயின் அளவை அறியும் கருவியாகவே பயன்படும். புறப்படுமுன் நன்றாக நடக்கவிட்டுக் களைக்கச் செய்தலும் நன்று. இரும்புக்கூட்டில் அடைத்தல் மட்டும் எச்சரிக்கைக்குரியது. கூட்டிற் பழகாத நாய் திகிலில் கம்பியைக் கடித்துப் பல்லுடைந்து நிற்கும். செல்லும்போது நாயைப் பாராமலே செல்லவேண்டும் என்னும் அறிவுரையும் முழுதும் உறுதிப்பட்டதன்று. 2018இல் இத்தாலியில் பத்து நாய்களைக்கொண்டு நடத்திய சிறு ஆய்விலே, புறப்படுமுன் அமைதியாகத் தடவிக்கொடுக்கப்பட்ட நாய்கள் குறுகிய பிரிவின்போது கூடுதலான அமைதியைக் காட்டின. ஆரவாரத்தோடு கட்டியணைத்து விடைபெறுதல் வேறு; தலையைத் தடவி மெல்லச் செல்லுதல் வேறு.

சில நாய்களின் அச்சம் எந்தப் பயிற்சிக்கும் இடங்கொடாத அளவு மிகுந்திருக்கும். அவற்றுக்கு மருந்து உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே 1998இல் குளோமிப்பிரமீனும் 2007இல் புளுவொக்செற்றீனும், பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதற்காக, நாயின் இந்நோய்க்கென அங்கீகரிக்கப்பட்டன. இவை உறங்கச்செய்வன அல்ல. அச்சத்தின் உச்சத்தைத் தாழ்த்திக் கற்றற்கு இடமளிப்பன. முழுப்பயன் தெரியப் பல கிழமை செல்லும். இரண்டும் மனிதருக்குங் கொடுக்கப்படுவனவாதலின், வீட்டிலுள்ள மாத்திரையை நாய்க்கு ஊட்டிவிடலாமென எண்ணுதல் பேராபத்து. அளவையும் பொருத்தத்தையும் விலங்கு மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும்.

வளவும் வேலியும் உள்ள யாழ்ப்பாணத்து வீடுகளிலே நாய் வெளியிற் படுத்து வெளியில் வாழ்வது. ஆதலின் கதவைப் பிறாண்டும் நாயை அங்கே காண்பது அரிது. எனினும் பிரிவு அந்நாய்களுக்குப் புதிதன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதோடு தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாய்கள் வளவுகளில் நின்றன. இக்காலத்தில் நிகழும் பிரிவு வேறு வகையினது. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, முதிய பெற்றோர் ஒரு நாயோடு வாழ்கின்றனர். ஒருநாள் அவர்களும் அழைக்கப்படுகின்றனர்.

இத்தகைய பிரிவுக்கு மேற்கூறிய பயிற்சி பொருந்தாது, செல்பவர் மீளப்போவதில்லை. பற்றினை வேறொருவரிடம் மாற்றுதலே இங்குச் செய்யத்தக்கது. அது இயலுமா என்ற ஐயத்துக்குப் புடாபெஸ்ட் ஆய்வாளரே 2001இல் விடை கண்டனர். கைவிடப்பட்ட நாய்களைப் பேணும் இல்லங்களில் இருந்த வளர்ந்த நாய்களோடு ஒருவர் பத்து நிமிடம் வீதம் மூன்றே முறை பழகிய பின்னர், அந்நாய்கள் அவரிடத்துப் பிணைப்பின் அறிகுறிகளைக் காட்டின. ஆகவே புறப்படுவதற்குச் சில கிழமைக்கு முன்னரே, நாயை ஏற்கவுள்ளவர் நாள்தோறும் வந்து தம் கையாலேயே உணவு வைத்தலும், உடன் நடத்தலும், பின்னர் அவருடைய வீட்டுக்கு அழைத்துச் சென்று சிறிது நேரம் வைத்திருந்து மீட்டலும் வேண்டும். பழகிய சாக்கினை, கழுவாமல், அதன் மணத்தோடேயே நாயுடன் அனுப்புதல் நன்று. விமானச் சீட்டு வந்த அன்று இரவு நாயைப் பற்றி எண்ணத் தொடங்குதல் காலந்தாழ்த்த செயலாகும்.